அண்ணனுக்குக் கண் மங்கினால்

பூண்டுலோயா மலைத் தோட்டங்களில் அந்தக் காலத்தில் வயதானவருக்குப் பார்வை மங்கினால், வயசு போச்சு என்று விட்டுவிடுவார்கள். தகப்பனுக்கும் பிறகு மூத்த மகனுக்கும் இருட்டிக்கொண்டு வந்தால், அந்தக் குடும்பத்துக்கு அப்படி எழுதியிருக்கு என்பதோடு பேச்சு முடிந்துவிடும். தோட்டத்து டிஸ்பென்சரியில் காய்ச்சலுக்கு மருந்து இருந்தது. விழித்திரையைப் பார்க்க வழி இருக்கவில்லை.

இன்று, கண்ணைக் கெடுக்கக்கூடிய சீனி வருத்தம் லயத்துக்கு லயம் தெரிந்த பெயர். 2005இல் தொடங்கிய இலங்கை ஆய்வொன்று, 20 வயதைத் தாண்டியவர்களில் பத்தில் ஒருவருக்கு நீரிழிவு இருப்பதைக் காட்டியது.

குடும்பத்தோடு வருகிறது என்று பெரியவர்கள் சொன்னதில் பாதி உண்மை. அமெரிக்க, கனடிய நோயாளிகளின் குடும்பங்களை ஆராய்ந்து 1997இல் வெளியான முடிவு இது: ஒருவருக்கு விழித்திரை கடுமையாகக் கெட்டிருந்தால், நீரிழிவுள்ள அவருடைய நெருங்கிய உறவினருக்கும் அந்த ஆபத்து ஏறத்தாழ மும்மடங்கு. சென்னை சங்கர நேத்ராலயாவும் நீரிழிவுக்காரர்களின் கண்ணோடு மரபணுவையும் சேர்த்தே ஆராய்ந்தது. திருச்சி, சேலம், புதுக்கோட்டைப் பக்கமிருந்து வந்தவர்களின் பிள்ளைகளான நமக்கு அது தூரத்து ஆராய்ச்சி இல்லை.

சீனி கூடினால் விழித்திரையின் நுண்குழாய்கள் கசியும், அடைபடும். இரத்தம் கிடைக்காத திசு விஈஜிஎஃப் என்ற புரதத்தைச் சுரந்து புதுக் குழாய்களை வளர்க்கும். அவை பலவீனமானவை; உடைந்தால் கண்ணுக்குள் இரத்தம். அந்தப் புரதத்தின் மரபணு ஆளுக்கு ஆள் சற்று வேறுபடுகிறது. அதைப்போல வேறு பலவும் உண்டு, ஒவ்வொன்றின் பங்கும் சிறிது. இன்னாருக்குப் பார்வை போகும் என்று சொல்லிவிடும் ஒற்றை மரபணு அகப்படவில்லை.

என் நம்பிக்கை வேறோர் எண்ணில் இருக்கிறது. 1993இல் வெளியான பெரிய ஆய்வில், இன்சுலின் போட்டுச் சீனியை இறுக்கமாகக் கட்டுப்படுத்தியவர்களுக்கு விழித்திரை நோய் புதிதாகத் தோன்றும் ஆபத்து 76 சதவீதம் குறைந்தது. எழுதியிருப்பதாகச் சொன்னதை இவ்வளவு அழிக்க முடிந்திருக்கிறது!

ஆனால் விழித்திரையைச் சரியாகப் பார்க்க நுவரெலியாவுக்கோ கண்டிக்கோ போக வேண்டும். அன்றைக்குப் பேர் விழாது. வலிக்காத, நன்றாகவே தெரிகிற கண்ணுக்காக ஒரு கொழுந்துக்காரி எப்படி ஒரு நாள் சம்பளத்தை விடுவாள்? தெரியாமல் போன பிறகு வந்தால், லேசர் பெரும்பாலும் மிச்சப் பார்வையைத்தான் காக்கும். அண்ணனின் கண்நோய் கிளினிக் கொப்பியில் எழுதப்படும் நாளிலேயே, சீனியுள்ள தம்பிக்கும் தங்கச்சிக்கும் திகதி கொடுத்தனுப்ப வேண்டும். அந்த நாளுக்குத் தோட்டம் பேர் போட வேண்டும்.