ஓடுவதா, மிதிப்பதா?

லண்டன் மாடிப் பேருந்துகளில் ஒரு காலத்தில் இரண்டு பேருக்கு வேலை. டிரைவர் நாள் முழுக்க இருக்கையை விட்டு எழுந்திருக்க மாட்டார். கண்டக்டரோ டிக்கெட் கொடுக்க மேலும் கீழுமாக அலைந்து, ஒரு நாளில் 500 முதல் 750 படிகள் ஏறிவிடுவார். ஜெர்ரி மோரிஸ் என்ற மருத்துவர் இந்த இரு தரப்பாரின் உடல்நலக் கணக்கையும் அருகருகே வைத்துப் பார்த்தார். கண்டக்டர்களுக்கு மாரடைப்பு குறைவாக இருந்தது. வந்தவர்களுக்கும் பிந்தித்தான் வந்தது. 1953-ல் 'லான்செட்' இதழில் இந்த ஆய்வு வெளியானது. மோரிஸ் அத்தோடு விடவில்லை. சீருடை தைக்க எடுத்த அளவுகளையும் புரட்டினார். டிரைவர்களின் பேன்ட் இடுப்பளவு பெரிதாக இருந்த விவரம் 1956-ல் அச்சேறியது.

உடற்பயிற்சிக்கும் இதயத்துக்கும் உள்ள உறவைக் கணக்குப் போட்டுக் காட்டிய முன்னோடி ஆய்வு இது. அந்தக் கண்டக்டர்கள் யாரும் ஓடவில்லை, சைக்கிள் மிதிக்கவும் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். மூச்சு வாங்கும்படி தினமும் உழைத்தார்கள், அவ்வளவுதான்.

சென்னை பெசன்ட் நகர் கடற்கரையில் விடியற்காலையில் நின்றால் இரண்டு கட்சிக்காரர்களையும் பார்க்கலாம். ஒரு பக்கம் வியர்வையில் நனைந்த டி-ஷர்ட்டோடு ஓட்டக்காரர்கள். இன்னொரு பக்கம் ஹெல்மெட் மாட்டிக்கொண்டு கிழக்குக் கடற்கரைச் சாலைக்குக் கிளம்பும் சைக்கிள்காரர்கள். புதிதாகத் தொடங்க வருகிறவருக்கு இவர்களில் யாரோடு சேருவது என்பதே முதல் குழப்பம்.

ஓர் இட்லி வித்தியாசம்

பலரும் முதலில் கேட்பது கலோரிக் கணக்கைத்தான். 60 கிலோ எடையுள்ள ஒருவர் மணிக்கு 8 கி.மீ. வேகத்தில் அரை மணி நேரம் ஓடினால் சுமார் 250 கலோரி செலவாகும். அதே நேரம் மணிக்கு 16 முதல் 19 கி.மீ. வேகத்தில் சைக்கிள் மிதித்தால் சுமார் 200. வித்தியாசம் ஏறக்குறைய ஓர் இட்லி! சைக்கிளில் கூடுதலாகப் பத்து நிமிடம் மிதித்தால் அதுவும் சரியாகிவிடும்.

ஆனால் சைக்கிளில் ஒரு சலுகை ஒளிந்திருக்கிறது. மிதிப்பதை நிறுத்தினாலும் வண்டி உருளும். ஓட்டத்தில் கால் நின்றால் ஆளும் நின்றுவிடுவார். 'ஒரு மணி நேரம் சைக்கிள் ஓட்டினேன்' என்பவர் அதில் எத்தனை நிமிடம் சும்மா உருண்டார், எத்தனை நிமிடம் சிக்னலில் நின்றார் என்பதையும் கழித்துக்கொள்ள வேண்டும்.

உலக சுகாதார நிறுவனம் 2020-ல் சொன்ன அளவு இது: பெரியவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிடம் மிதமான பயிற்சி, அல்லது 75 முதல் 150 நிமிடம் கடுமையான பயிற்சி. இதைச் சோதிக்கக் கருவி எதுவும் தேவையில்லை. பேச முடிகிறது, பாட முடியவில்லை என்றால் மிதம். நாலு வார்த்தை சேர்ந்தாற்போலப் பேசவே மூச்சு திணறினால் கடுமை. ஓட்டம் பெரும்பாலும் இரண்டாவது வகையில் விழுந்துவிடும். நேரம் இல்லை என்று புலம்புகிறவர்களுக்கு அது தோதானது.

முழங்கால் என்ன சொல்கிறது?

இதயத்தைப் பொறுத்தவரை இரண்டுக்கும் பெரிய பேதம் இல்லை. பேதம் காலுக்குத்தான். ஓடும்போது ஒவ்வொரு காலடியும் உடல் எடையைப் போல இரண்டு, மூன்று மடங்கு விசையோடு தரையில் இறங்குகிறது. அரை மணி நேர ஓட்டத்தில் இப்படி ஏறக்குறைய ஐந்தாயிரம் அடிகள். சைக்கிளிலோ எடையை சீட் தாங்கிக்கொள்கிறது. அதனால்தான் மூட்டுத் தேய்மானம் உள்ளவர்களுக்கும் உடல் பருத்தவர்களுக்கும் மருத்துவர்கள் சைக்கிளைச் சொல்கிறார்கள்.

'ஓடினால் மூட்டு தேய்ந்துவிடும்' என்ற பயம் மட்டும் அப்படியே நம்பத் தக்கதல்ல. பல ஆய்வுகளைத் தொகுத்து 2017-ல் வெளியான ஒரு கட்டுரையில், உடல்நலத்துக்காக ஓடுகிறவர்களில் 3.5 சதவீதம் பேருக்கே இடுப்பு, முழங்கால் மூட்டுத் தேய்மானம் இருந்தது. ஓடாமல் உட்கார்ந்தே இருப்பவர்களில் 10.2 சதவீதம். போட்டிகளுக்காகக் கடுமையாக ஓடுகிறவர்களில் 13.3 சதவீதம்.

எலும்பின் கணக்கு இன்னும் சுவாரஸ்யமானது. தரையில் மோதும் அந்த அதிர்வுதான் எலும்பை உறுதிப்படுத்துகிறது. சாலைப் பந்தய சைக்கிள் வீரர்கள் பலருக்கு முதுகெலும்பின் அடர்த்தி குறைந்திருப்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. சைக்கிள் மட்டுமே போதும் என்றிருப்பவர்கள் வாரத்தில் இரண்டு நாளாவது வேக நடையோ எடைப் பயிற்சியோ சேர்த்துக்கொள்வது நல்லது.

சைக்கிளிலும் முழங்கால் வலி வருவதுண்டு. சீட் தாழ்ந்திருப்பது அதற்கு முக்கியக் காரணம். கால் தரையில் எட்ட வேண்டும் என்று சீட்டை இறக்கிவைத்தால், ஒவ்வொரு மிதிக்கும் முழங்கால் அளவுக்கு மீறி மடங்கும். சரிபார்ப்பது எளிது. சீட்டில் உட்கார்ந்து, கீழே இருக்கும் பெடலில் குதிகாலை வைக்க வேண்டும். கால் முழுதாக நீண்டால் உயரம் சரி. பிறகு வழக்கம்போல முன்பாதத்தால் மிதிக்கும்போது முழங்கால் லேசாக மடங்கியிருக்கும்.

அக்னி நட்சத்திர நாட்களில் சைக்கிள்காரர் வேகத்திலேயே காற்று வாங்கிக்கொள்வார். ஓட்டக்காரருக்கு அந்தச் சலுகை குறைவு. அதே சமயம் லாரியும் பள்ளமும் சைக்கிள்காரரைத்தான் அதிகம் மிரட்டும். ஓட்டக்காரருக்கு ஒரு பூங்காவோ பள்ளி மைதானமோ போதும். செலவும் நல்ல ஷூவோடு முடிந்துவிடும்.

புதிதாக ஓட வருகிறவர்கள் ஒரு நிமிடம் ஓடி, இரண்டு நிமிடம் நடந்து, வாரா வாரம் ஓட்டத்தைக் கூட்டிக்கொண்டே போகலாம். நெஞ்சு வலியோ சர்க்கரை, ரத்த அழுத்தமோ இருப்பவர்கள் தொடங்கும் முன் மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும்.

மோரிஸ் தன் ஆய்வைத் தானே நம்பினார். ஜாகிங் என்பதே புதுமையாக இருந்த காலத்தில் லண்டனின் ஹாம்ப்ஸ்டெட் ஹீத் திடலில் ஓடினார். முதுமையில் நீச்சல், நடை, வீட்டுக்குள் மிதிக்கும் சைக்கிள் என்று மாறிக்கொண்டார். 2009-ல் அவர் இறந்தபோது வயது 99.