அவுட்டர்

கும்மிடிப்பூண்டியைத் தாண்டி எளாவூர் வருமுன் வண்டி நின்றுவிட்டால் பெட்டிக்குள் யாராவது ஒருவர் சொல்வார்: "அவுட்டர்ல போட்டுட்டான்." சிக்னலைப் பார்த்துச் சொல்வதில்லை. கைகாட்டி மரங்கள் இருந்த காலத்தில் நிலையத்துக்குள் வரும் வண்டியை முதலில் தடுத்தது அவுட்டர், அடுத்தது ஹோம். பல்வண்ண விளக்கு முறையில் அவுட்டர் என்றொரு சிக்னலே கிடையாது. பொருள் போய்விட்டது, சொல் நிற்கிறது. ஏனென்றால் அது ஒரு நிலைமையின் பெயராகிவிட்டது: ஊர் கண்ணுக்குத் தெரிகிறது, இறங்க முடியவில்லை.

"அவுட்டர்ல ரெண்டு கிரவுண்டு வாங்கிப் போட்டிருக்கேன்" என்பதிலும் இதே சொல்தான். ஆங்கில இலக்கணப்படி இது ஒப்பீட்டுச் சொல். இன்னொன்றைவிட வெளியே இருப்பது. எதைவிட என்ற கேள்வி அதற்குள்ளேயே இருக்கிறது. தமிழில் நாம் அதை இடப்பெயராக்கி அந்தக் கேள்வியை விழுங்கிவிட்டோம். சென்ட்ரலில் நின்று அளந்தால் எளாவூர் அவுட்டர். தேசிய நெடுஞ்சாலை 16-இல் ஆந்திராவிலிருந்து வருகிற லாரிக்காரருக்கு எளாவூர் சோதனைச்சாவடிதான் தமிழ்நாட்டு வாசல். சிப்காட்டில் ஷிஃப்டு முடிந்து திரும்புகிறவர், தான் அவுட்டருக்குப் போவதாகச் சொல்லி நான் கேட்டதில்லை. "ஊட்டுக்குப் போறேன்" என்பார். மையத்தில் இருப்பவர் விளிம்பில் இருப்பவருக்கு இட்ட பெயர் இது.

நம்மிடம் சொல் இல்லாமலில்லை. புறம் இருக்கிறது. அதுவும் ஒன்றும் அப்பாவிச் சொல் அல்ல. புறநகர், புறம்போக்கு, புறக்கணிப்பு என்று வரிசையாகச் சொல்லிப் பாருங்கள். (அகம், புறம் என்று இலக்கியம் பேசுகிறவர்கள் புறம்போக்கை மட்டும் தாசில்தாரிடம் விட்டுவிடுவார்கள்.) ஊர் வேறு, சேரி வேறு என்று பிரித்த கிராமத்தில் வெளியே என்பது தூரத்தைக் குறித்ததில்லை, தெரு அடுத்ததாகவே இருந்தாலும் அது வெளிதான். அவுட்டர் அந்தப் பழைய வேலையைச் சாதிப்பெயர் சொல்லாமல் செய்து முடிக்கிறது.

2000-க்குப் பிறகு சென்னைக் குடிசைவாசிகளை வேரோடு பெயர்த்துக் கண்ணகி நகரிலும் பெரும்பாக்கத்திலும் விட்டார்கள். கோப்பில் அது மறுகுடியமர்வு. பேச்சில், "கொண்டாந்து அவுட்டர்ல போட்டுட்டாங்க." வண்டியையும் போடுகிறார்கள், மனையையும் வாங்கிப் போடுகிறார்கள், மனிதரையும் போடுகிறார்கள். மூன்றுக்கும் வினை ஒன்றுதான். போடுகிறவர் யாரென்று மனை வாங்கினவர் மட்டும் சொல்லுகிறார்.