வீட்டுக்குள் வரலாறு – 9: தாத்தா பேனாவின் சாய்வு

பீரோவின் அடித்தட்டு, பத்திரப் பெட்டி, பழைய மூக்குக் கண்ணாடிக் கூடு. தமிழ்நாட்டு வீடுகளில் தாத்தாவின் பேனா பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றில்தான் இருக்கும். கூடவே அடியில் மை காய்ந்து படிந்த புட்டியும், ரப்பர் குமிழ் வெடித்த ஃபில்லரும் கிடக்கும். கண்ணில் படுகிறவர்கள் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: இது இனி எழுதுமா?

பெரும்பாலும் எழுதும். முதலில் அது என்ன பேனா என்று தெரிய வேண்டும்.

கறுப்பாகவோ பழுப்பாகவோ இருந்து, கழுத்தைத் திருகிக் கழற்றி ஃபில்லரால் மை ஊற்றும் வகையென்றால் அது எபோனைட் பேனாவாக இருக்கக்கூடும். கட்டைவிரலால் சூடு பறக்கத் தேய்த்து மோந்து பார்த்தால் லேசாக ரப்பர் வாடை வரும். ரப்பரோடு கந்தகம் சேர்த்துச் சூடாக்கி இறுகவைத்த பொருள் அது. கடைசலில் கடைந்து பேனாவாக்குவார்கள். நம் நாட்டில் இந்தத் தொழில் சுதேசி இயக்கத்தோடு சேர்ந்து வளர்ந்தது. ராஜமுந்திரியில் கே.வி. ரத்னம் செய்து அனுப்பிய பேனாவைப் பெற்றுக்கொண்டு 1935-ல் காந்தி நன்றிக் கடிதம் எழுதினார். அந்தக் கடைசல் வேலை இன்னும் அழிந்துவிடவில்லை. சென்னையை ஒட்டிய திருவள்ளூரில் ரங்கா பேனாக்கள் இன்றும் கையால் கடையப்படுகின்றன. வெளிநாட்டுப் பேனாப் பிரியர்களும் அவற்றை வரவழைத்து எழுதுகிறார்கள்.

நிப்பு முழுதும் உள்ளே மறைந்து, நுனி மட்டும் எட்டிப் பார்த்தால் அது பார்க்கர் 51 ஆக இருக்கலாம். பார்க்கர் நிறுவனம் தொடங்கியது 1888-ல். அதன் 51-ஆம் ஆண்டில் உருவானதால் பேனாவுக்கு இந்தப் பெயர். கடைக்கு வந்தது 1941-ல். ஆனால் அவசரப்பட்டு மகிழ்ந்துவிடக் கூடாது. சீனாவின் ஹீரோ பேனாவும் இதே தோற்றத்தில் வந்தது. நம் வீடுகளில் 'பார்க்கர்' என்று பொத்திப் பாதுகாக்கப்படும் பேனாவின் மூடியைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால், ஹீரோ என்று பொறித்திருப்பது தெரியவரலாம். அதனால் அதன் மதிப்பு குறைந்துவிடாது. ஒரு குடும்பத்தின் கணக்கும் கடிதமும் அதில்தான் எழுதப்பட்டிருக்கின்றன. மு. கருணாநிதி நெடுங்காலம் எழுதியதும் விலை அதிகமில்லாத உள்நாட்டு வாலிட்டி பேனாவில்தான்.

உயிர்ப்பிக்கும் வேலைக்குத் தண்ணீரும் பொறுமையும் போதும். நிப்புப் பகுதியைச் சாதாரணத் தண்ணீரில் ஊறவைத்து, நீலம் கரையக் கரைய நீரை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். முப்பது ஆண்டு உறைந்த மை இளகச் சில நாள் ஆகலாம். வெந்நீர் கூடவே கூடாது: எபோனைட் நிறம் மங்கிப் பழுப்பேறும், செல்லுலாய்டு வளைந்துபோகும். ஸ்பிரிட் தொட்டுத் துடைப்பதும் ஆபத்து. சில வகை பிளாஸ்டிக் அதில் கரையும், விரிசல் விடும். வராத நிப்பைக் குறடு வைத்து இழுப்பதுதான் பழைய பேனாக்களுக்கு நேரும் பெரிய கேடு. உள்ளே மை தேங்கும் ரப்பர் பை இறுகி நொறுங்கியிருந்தால், பழுதுபார்ப்பவர் புதுப் பை மாட்டித் தருவார். அதை ஒட்ட இன்றும் பயன்படுவது ஷெல்லாக், அதாவது நம் காட்டு மரங்களில் பூச்சிகள் சுரக்கும் அரக்கு. சூடு காட்டினால் இளகிவிடும் என்பதால், இன்னும் பல ஆண்டுகள் கழித்துப் பை மாற்றுகிறவருக்கும் வேலை எளிது.

கழுவி மை நிரப்பியதும் பலருக்கு ஓர் ஏமாற்றம் காத்திருக்கும். பேனா கீறும், இல்லையென்றால் பாதி எழுத்தில் மை அறுபடும். நிப்பு கெட்டுவிட்டது என்று மூடி வைத்துவிடுவார்கள். அங்கே ஒரு நிமிடம் நிதானிக்க வேண்டும்.

தங்கம் மென்மையான உலோகம். அதனால் தங்க நிப்பின் நுனியில் இரிடியம், ஆஸ்மியம் போன்ற கடின உலோகக் கலவையால் ஒரு சிறு மணியை ஒட்டியிருப்பார்கள். அந்த மணியும் தேயும், மிக மெதுவாக. ஒருவர் முப்பது ஆண்டு ஒரே சாய்வில் எழுதினால், பழைய செருப்பின் குதிகால் ஒருபக்கமாகத் தேய்வதுபோல, அவர் பிடித்த கோணத்திலேயே அது தட்டையாகும். அந்தக் கோணத்தில் வைத்தால் வழுக்கிக்கொண்டு ஓடும் பேனா, கொஞ்சம் புரட்டினால் விளிம்பு பட்டுக் கீறும். தாத்தா பேனாவைப் படுக்கவைத்து எழுதினாரா, நிமிர்த்திப் பிடித்தாரா, உள்பக்கம் புரட்டினாரா என்பதெல்லாம் அந்த நுனியில் பதிந்திருக்கிறது. புகைப்படத்தில் கிடைக்காத செய்தி இது. எழுதிப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க முடியும். பேனாவை விரலிடுக்கில் மெல்லச் சுழற்றி, ஒவ்வொரு சாய்விலும் ஒரு வரி எழுதிக்கொண்டே வந்தால், ஓரிடத்தில் கீறல் நின்றுவிடும்.

அதற்காக உடனே உப்புத்தாளில் நிப்பைத் தேய்ப்பவர்கள் அந்தப் பதிவைத்தான் முதலில் அழிக்கிறார்கள். பிளவில் பிளேடு விட்டுக் கீறுவதும், சிமென்ட் தரையில் உரசுவதும் பள்ளிக்கூடத்துப் பழக்கம். நாலணா நிப்புக்கு அது சரி, இதற்கு வேண்டாம்.

பால்பாயிண்ட் பேனாவில் பழகிய கைக்கு இன்னொரு பாடமும் உண்டு. அதன் மை கெட்டியானது. குண்டு உருளக் காகிதத்தில் அழுத்த வேண்டும். ரெனால்ட்ஸ் 045 வகுப்பறைகளைப் பிடித்த பிறகு வளர்ந்தவர்களின் விரல்கள் அந்த அழுத்தத்தோடே எழுதப் பழகின. மைப் பேனாவில் நிப்பின் பிளவு வழியே மை தானாக இறங்கிவரும். நுனி தாளைத் தொட்டால் போதும். அழுத்தினால் பிளவு விரிந்து கோடு தடிக்கும், நிப்பும் கோணும். 'ஞ', 'ண', 'இ' என்று சுழித்துச் சுழித்துப் போகும் தமிழ் எழுத்துகளில் அந்த வித்தியாசம் உடனே தெரியும். பிடி தளர்ந்தால் சுழி அகலமாகும், எழுத்துகளுக்கிடையே இடம் சீராகும். தொடங்குகிறவர்கள் இரட்டைக் கோடு நோட்டில், மை ஊறாத தாளில், சற்றுப் பெரிதாக எழுதிப் பழகுவது நல்லது.

பயிற்சிக்குச் சிறந்த பாடநூல் அதே பீரோவில் இருக்கும் தாத்தாவின் கடிதங்கள். அவற்றில் 'லை', 'னை', 'ணை' ஆகியவை யானைத் துதிக்கைபோல் மேலே வளைந்த கொம்போடு நிற்கும். 'ணா', 'றா', 'னா' தனித் துணைக்கால் இல்லாமல் ஒரே எழுத்தாகச் சுருண்டிருக்கும். பெரியார் 1935 முதல் குடிஅரசு இதழில் கையாண்ட சீர்திருத்தத்தை 1978-ல் எம்.ஜி.ஆர். அரசு ஏற்றபோது, இப்படிப்பட்ட 13 எழுத்துகள் பாடப்புத்தகத்திலிருந்து விடைபெற்றன. அச்சுக்கும் தட்டச்சுக்கும் அது பெரும் உதவி. ஆனால் அதற்கு முன் பள்ளி முடித்த தலைமுறையில் பலர் கடைசிவரை பழைய வடிவத்திலேயே எழுதினார்கள். இன்றைய பேத்தி அந்தக் கடிதத்தை எழுத்துக்கூட்டித்தான் படிக்க வேண்டியிருக்கிறது. அதே பேனாவால் அதே 13 எழுத்துகளையும் ஒரு பக்கம் பார்த்து எழுதிவிட்டால், கடிதக் கட்டு முழுதும் அவளுக்குத் திறந்துவிடும். தாத்தாவின் காலத்தை நேரில் கண்ட பாட்டியோ பெரியப்பாவோ பக்கத்தில் இருந்து, புரியாத சொல்லுக்கும் பெயருக்கும் விளக்கம் சொல்லும்போதே இதைச் செய்துவிடுவது நல்லது.

பழைய பேனாவில் எந்த மையை ஊற்றலாம், ஓவியம் வரையும் இந்தியன் இங்க் ஏன் உள்ளே போகவே கூடாது, காந்தியின் காலத்துச் சுதேசி மையான சுலேகா எப்படிப் பிறந்தது? அடுத்த வாரம் மைப்புட்டியைத் திறக்கலாம்.

(தொடரும்)