கிணற்று நீரை அளந்து பயிர் செய்வோம்

நிலத்தடியில் எவ்வளவு நீர் ஊறுகிறது என்பதை விஞ்ஞானிகள் ஆராய்ந்து கணக்கிடுகிறார்கள். அந்த நீரை எந்தப் பயிருக்கு, எவ்வளவு இறைப்பது என்பதை முடிவு செய்பவர் கிணற்றுக்குச் சொந்தக்காரரான விவசாயி. இருவரும் கலந்து பேசாவிட்டால் கணக்கு காகிதத்தில் நின்றுவிடும். கதிர் வரும் சமயத்தில் கிணறு வற்றிப் பயிரும் கருகும்.

இக்குறையைப் போக்க அன்றைய ஆந்திரப் பிரதேசத்தில் ஒரு நல்ல முயற்சி நடந்தது. ஐ.நா. உணவு வேளாண்மை நிறுவனத்தின் உதவியுடன், 2003-ம் ஆண்டு முதல் சில ஆண்டுகள், அனந்தப்பூர், கர்நூல் உள்ளிட்ட 7 வறட்சி மாவட்டங்களில் 600-க்கும் மேற்பட்ட கிராமங்களில் இத்திட்டம் நடைபெற்றது. மழையளவையும் கிணற்று நீர்மட்டத்தையும் விவசாயிகளே அளந்து, ஊர்ப் பலகையில் எழுதி வைத்தனர். கணக்கிடும் முறையை விஞ்ஞானிகள் கற்றுக் கொடுத்தனர். ராபி பருவம் தொடங்குமுன் ஊரார் கூடி, கையிருப்பு நீரையும், போட எண்ணியுள்ள பயிர்களின் நீர்த்தேவையையும் ஒப்பிட்டுப் பார்த்தனர். தடையோ அபராதமோ கிடையாது. பற்றாக்குறை என்று தெரிந்ததும், பலர் தாமாகவே நெல் பரப்பைக் குறைத்து, குறைந்த நீர் தேவைப்படும் பயிர்களுக்கு மாறினர்.

இம்முறையை நாமும் கைக்கொள்ளலாம். ஒரு கயிற்றில் அடிக்கு ஒரு முடிச்சுப் போட்டு, நுனியில் கல்லைக் கட்டுங்கள். 15 நாட்களுக்கு ஒருமுறை, காலையில் மோட்டார் போடுமுன், திறந்த கிணற்றின் மேல்விளிம்பிலிருந்து நீர்மட்டம் வரை அளந்து, தேதியுடன் நோட்டில் குறித்து வாருங்கள். அன்றாட மழையளவையும் எழுதுங்கள்.

ஓர் ஏக்கரில் 1 செ.மீ. உயரத்திற்கு நீர் கட்டச் சுமார் 40,000 லிட்டர் வேண்டும். நெல்லுக்கு மொத்தம் சுமார் 120 செ.மீ., நிலக்கடலைக்குச் சுமார் 50 செ.மீ. நீர் தேவை. ஆக, ஓர் ஏக்கர் நெல்லுக்குச் செலவாகும் நீரில் 2 ஏக்கருக்கு மேல் கடலை எடுக்கலாம்.

விதைப்புக்கு முன் இந்த நோட்டை வேளாண்மை அலுவலரிடம் காட்டி ஆலோசனை பெறுங்கள். எந்தக் கிணறு முதலில் ஊறும், எது முதலில் வற்றும் என்பது உங்களுக்குத்தான் தெரியும். விஞ்ஞானிக்கு இந்த விவரம் மிக அவசியம். அவரும் ஏக்கர், அடிக் கணக்கில் உங்களுக்கு விளங்கும்படி பதில் சொல்ல வேண்டும்.

ஒருவர் மட்டும் சிக்கனம் செய்தால் பலன் முழுமையாகக் கிட்டாது. நிலத்துக்கு வரப்பு உண்டு. நிலத்தடி நீருக்கு வரப்பு இல்லை. ஆகவே, பக்கத்துக் கிணற்றுக்காரர்களையும் சேர்த்துக்கொண்டு இவ்வேலையை வரும் பருவத்திலேயே தொடங்குங்கள்.