வெறிநாய்க்கடியைத் தடுத்த வேலி

மலாயாவில் வெறிநாய்க்கடி நோய் ஒரு காலத்தில் பேரச்சமாக விளங்கியது. 1952-இல் கோலாலம்பூரில் அது கடுமையாகப் பரவவே, நாய்களுக்குத் தடுப்பூசி போடுதல் கட்டாயமாக்கப்பட்டது. தெருநாய்கள் அழிக்கப்பட்டன.

பின்னர், 1955 வாக்கில், கால்நடை இலாகா தாய்லாந்து எல்லையை ஒட்டி 50 முதல் 80 கிலோமீட்டர் அகலத்திற்குத் தடுப்பு வளையம் ஒன்றை அமைத்தது. அது முள்வேலியன்று. அவ்வட்டாரத்து நாய்களின் உடலில் ஏற்றப்பட்ட ஊசிமருந்தே அவ்வேலி! லயத்து நாய் ஒன்று ஊசிக்குத் தப்பினாலும் வேலியில் ஓட்டை விழுந்ததாகவே பொருள். நாயை ஒளித்து வைப்பதை அன்பு என்று நாம் கருதலாகாது.

இவ்வாறு நோய் பல்லாண்டுகள் அடங்கிக் கிடந்தது. எனினும் 2015-இல் பெர்லிஸ், கெடா, பினாங்கு மாநிலங்களில் மீண்டும் தலைகாட்டியது. 2017-இல் சரவாக்கிலும் பரவி, உயிர்களைப் பறித்தது.

நாய் கடித்தால் மஞ்சளும் சுண்ணாம்பும் பூசிவிட்டுக் காத்திருப்போர் நம்மிடையே உண்டு. நோயின் அறிகுறி தோன்றிய பின்னர் உயிர் பிழைத்தல் மிக அரிது. ஆகவே, கடிவாயைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே மருத்துவமனைக்குச் செல்லுதல் வேண்டும். கடித்தது எவருடைய நாய், அதற்கு ஊசி போடப்பட்டதா என்பதையும் அங்கே தெரிவிக்க வேண்டும்.