தூக்குக் கொட்டடிக்கு வெளியே நடந்த போராட்டம்

மரண தண்டனை பெற்ற ஒருவர் குற்றமற்றவர் என்று நம்புவோர் அவருக்குச் செய்யும் உதவி இரக்கத்தோடு நின்றுவிடுவதில்லை. தீர்ப்பைத் தாங்கி நிற்கும் சான்றுகளை ஒவ்வொன்றாக மீண்டும் சோதித்து, மறுவிசாரணைக்கு, அதாவது முடிந்துபோன வழக்கைப் புதிய சான்றின் பேரில் நீதிமன்றம் திரும்பவும் திறப்பதற்கு, வழி தேடுவதே அதன் உயிர்நாடி. அந்த உழைப்பு எத்தனை காலம் நீளக்கூடும் என்பதை ஜப்பானின் இவாவோ ஹகமாடா வழக்கு காட்டுகிறது.

முன்னாள் குத்துச்சண்டை வீரரான ஹகமாடா, ஷிசுவோகா மாகாணத்தில், மிசோ எனப்படும் புளிக்கவைத்த சோயா விழுதைத் தயாரிக்கும் ஆலையில் வேலை பார்த்தவர். 1966 ஜூனில் அந்த ஆலையின் நிர்வாகி ஒருவரும் அவருடைய மனைவியும் பிள்ளைகள் இருவரும் கொல்லப்பட்டு, வீடும் தீக்கிரையானதை அடுத்து ஹகமாடா கைது செய்யப்பட்டார். பல நாள்கள் இடைவிடாது நடந்த விசாரணையின் முடிவில் போலீசார் பெற்ற வாக்குமூலத்தை அவர் நீதிமன்றத்தில் மறுத்தார். கொலை நடந்து 14 மாதங்கள் கழித்து ஆலையின் மிசோத் தொட்டியிலிருந்து இரத்தக்கறை படிந்த ஐந்து உடைகள் எடுக்கப்பட்டன. அவற்றையே முக்கியச் சான்றாகக் கொண்டு 1968இல் விதிக்கப்பட்ட மரண தண்டனையை 1980இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. மேல்முறையீட்டின்போது போட்டுப் பார்க்கச் சொன்னபோது, அந்த உடைகளுள் ஒன்றான கால்சட்டை அவருக்கு ஏறவே இல்லை.

ஜப்பானில் தூக்கிலிடப்படும் செய்தி கைதிக்கு அன்று காலையில்தான் தெரிவிக்கப்படுகிறது. அப்படியொரு விடியலை எதிர்நோக்கித் தனிக் கொட்டடியில் பல்லாண்டுகள் கிடந்த ஹகமாடாவின் மனநலம் சிதைந்தது. தம்பி சந்திக்க மறுத்த காலத்திலும் அக்கா ஹிதெகோ சிறைவாசலுக்குச் செல்வதை விடவில்லை. 2008இல் இரண்டாவது மறுவிசாரணை மனுவைத் தாக்கல் செய்தவரும் அவரே. தண்டனை விதித்த மூன்று நீதிபதிகளுள் ஒருவரான நொரிமிச்சி குமமோட்டோ, அப்போதே ஹகமாடாவைக் குற்றமற்றவராகத் தாம் கருதியதாக 2007இல் வெளிப்படையாகச் சொன்னார். குத்துச்சண்டைச் சங்கத்தினர் தங்கள் பழைய வீரருக்காகக் குரல் எழுப்பினர். எல்லாவற்றிலும் பயன் மிகுந்தது ஆதரவாளர்கள் செய்த ஓர் எளிய சோதனை: இரத்தம் தோய்ந்த துணியை மிசோவில் ஊறவைத்தால் கறை கருத்துவிடுகிறது, ஆனால் தொட்டியில் கிடைத்த உடைகளிலோ சிவப்பு எஞ்சியிருந்தது. அரசுத் தரப்பு முதலிலேயே செய்திருக்க வேண்டிய இந்தச் சோதனை, நிபுணர்களின் வேதியியல் விளக்கத்தோடு சேர்ந்து வழக்கின் அச்சாணியாயிற்று.

2014இல் மறுவிசாரணைக்கு ஆணை பிறந்து அவர் வெளியே வந்தாலும், அரசுத் தரப்பின் மேல்முறையீட்டால் 2018இல் அந்த ஆணை ரத்தாகி, 2023இல்தான் மீண்டும் வழி திறந்தது. 2024 செப்டம்பர் 26 அன்று ஷிசுவோகா மாவட்ட நீதிமன்றம், வாக்குமூலமும் உடைகளும் புலனாய்வாளர்களால் புனையப்பட்டவை என்று கூறி, 88 வயதான அவரை விடுதலை செய்தது. சிறையில் கழிந்த ஏறக்குறைய 48 ஆண்டுகளுக்கு 2025இல் 21.7 கோடி யென் இழப்பீடு வழங்கப்பட்டது. கைவசமுள்ள சான்றுகளை அரசுத் தரப்பு மறைக்காமல் காட்ட வேண்டும், மறுவிசாரணை ஆணைகளை எதிர்த்து அது மேல்முறையீடு செய்யக் கூடாது என்று சட்டத்தைத் திருத்தும்படி, தொண்ணூறு வயதைக் கடந்த ஹிதெகோ வழக்கறிஞர்களோடு சேர்ந்து வலியுறுத்தினார்.