பென்ஸுக்கும் பூட்டாங்கயிறு உண்டு!

பட்டுக்கோட்டையில் ஆபீஸ் உத்தியோகம். முதல் தேதி சம்பளம். வாசலில் பென்ஸ் கார்! மூன்றும் ஒரே வீட்டில் எப்படிச் சேரும் என்று கேட்கிறீர்களா? என் நண்பர் வீட்டில் சேர்ந்தது. கார் அவ்வளவு பழசு, ஸார்! 1995-ல் மெர்சிடிஸ் கம்பெனி புனேயில் காலெடுத்து வைத்தபோது தயாரித்த டபிள்யூ 124 ரகம். வாங்குவது சுலபம், வைத்துக் காப்பாற்றுவதில்தான் இருக்கிறது சங்கதி.

வாங்கிய கொஞ்ச நாளில் ஒரு வியாதி. கிளட்சை விட்டால் அடிவயிற்றில் 'டொக்' என்று ஒரு சத்தம். ஒரத்தநாடு ரோட்டில் கொஞ்சம் வேகம் பிடித்தால் சீட்டெல்லாம் நடுக்கம். வெளியூர் ஒர்க்‌ஷாப் ஒன்றில் காட்டினார். "ரப்பர் டிஸ்க் போச்சு" என்று புதுசு மாட்டி, பில்லையும் நீட்டினார்கள். இரண்டே மாசம்... மறுபடியும் 'டொக்'!

"டூப்ளிகேட் சாமானா இருக்கும்டா" என்றேன் நான். (தெரியாத விஷயத்தில் அபிப்பிராயம் சொல்வது நமக்கு வழக்கம்தானே!)

கடைசியில் உள்ளூரிலேயே ஒரு பெரியவரிடம் போனோம். ஆயுசு பூராவும் அம்பாஸடருக்கு அடியில் படுத்துக் கிடந்த மெக்கானிக். காரைப் பள்ளத்தின் மேல் நிறுத்தி, டார்ச்சோடு உள்ளே இறங்கினார்.

"தம்பி, இப்படி வந்து பாருங்க. டிஸ்க்கு நெட்டுக்க நிக்கணும். இது அப்பளம் மாதிரி வளைஞ்சு நிக்குது. சாமான் மேல குத்தமில்லே. மாட்டுன கை மேலதான் குத்தம்."

முதலில் இந்த டிஸ்க் என்ன செய்கிறது என்று பார்த்துவிடுவோம். மாருதி 800 போன்ற கார்களில் எஞ்சின் முன்சக்கரத்தையே சுற்றுகிறது. நீளமான ஷாஃப்ட் கிடையாது. அம்பாஸடர், பழைய பென்ஸ் எல்லாம் பின்சக்கரத்தில் ஓடுபவை. கியர் பாக்ஸிலிருந்து பின்பக்கம் வரை ஷாஃப்ட் போக வேண்டும். அது ஆடும், அசையும். அம்பாஸடரில் அதற்காக இரும்புக் கிராஸ் ஜாயிண்ட் உண்டு. பென்ஸில் ஷாஃப்டின் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று வட்டமான ரப்பர் டிஸ்க்குகள். ஆறு துளை. மூன்று துளை ஒரு பக்கத்து ஃபிளேஞ்சுக்கு, இடையிலுள்ள மூன்று எதிர்ப்பக்கத்து ஃபிளேஞ்சுக்கு.

இத்தாலிக்காரர்கள் இந்த வகை ரப்பர் ஜாயிண்டை 'ஜூபோ' என்கிறார்கள். கண்டுபிடித்த எஞ்சினீயர் அன்டோனியோ போஸ்கியின் பெயரிலிருந்து வந்த சொல். மனுஷர் மனைவியோடு சேர்ந்து வாங்கிக் குவித்த ஓவியங்களும் சிற்பங்களும் இரண்டாயிரத்துக்கு மேல்! 1974-ல் அத்தனையையும் மிலான் நகரத்துக்கே கொடுத்துவிட்டார்.

"வெறும் ரப்பர் எப்படிண்ணே இவ்வளவு பெரிய வண்டியை இழுக்கும்?" என்றார் நண்பர்.

பெரியவர் சிரித்தார். "மாட்டை நுகத்தடியோட ஆணி வச்சா அடிக்கிறோம்? பூட்டாங்கயிறு போட்டுத்தானே கட்டுறோம்? இதுக்குள்ளயும் கயிறுதான் தம்பி."

கழற்றிய டிஸ்க்கில் கிழிந்த இடத்தைக் காட்டினார். உள்ளே நூல் கயிறு, துளைகளைச் சுற்றிச் சுற்றி ஓடியிருந்தது. இழுவையைத் தாங்குவது அந்தக் கயிறு. ரப்பர் அதைப் பிடித்து வைத்து, குலுக்கலை விழுங்குகிறது. கயிறு இழுத்தால் தாங்கும். முறுக்கினாலும் மடக்கினாலும் பிய்ந்துவிடும். மாட்டுகிற முறையெல்லாம் இந்த ஒரே சூத்திரம்தான். பெரியவர் புது டிஸ்க் மாட்டியதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

கழற்றும் முன்பே ஷாஃப்டிலும் ஃபிளேஞ்சிலும் பெயிண்டால் கோடு. பழைய பொருத்தத்திலேயே திரும்ப மாட்டினால்தான் பேலன்ஸ் கெடாது.

ஷாஃப்டின் நடுவில் ஒரு பெரிய நட் இருக்கிறது. அதைத் தளர்த்தினால் ஷாஃப்ட் கொஞ்சம் நீளும், குறுகும். தளர்த்தாமல் நெம்பி மாட்டினால் புது டிஸ்க் அன்றைக்கே காயம் படும்.

சில டிஸ்க்கின் விளிம்பில் அம்புக்குறி இருக்கும். அதன் முனை ஃபிளேஞ்சின் கையைப் பார்க்க வேண்டும்.

போல்ட்டை ஒரு ஸ்பானரால் அசையாமல் பிடித்து, நட்டை மட்டும் திருக வேண்டும். போல்ட்டைத் திருகினால் ரப்பரும் சேர்ந்து முறுக்கிக்கொள்ளும். நட் எல்லாம் புதுசு. தானே பூட்டிக்கொள்ளும் ரகம். கடைசி இறுக்கம் டார்க் ரெஞ்சில், அந்த மாடலுக்கு மானுவலில் போட்டிருக்கும் கணக்குப்படி.

இனிமேல்தான் முக்கியமான கட்டம். நடு நட்டை உடனே இறுக்கவில்லை. நாலு சக்கரமும் தரையில் நிற்க, நாங்கள் இரண்டு பேரும் காரை முன்னும் பின்னுமாக நாலைந்து தடவை உருட்டினோம். ஷாஃப்ட் தனக்கு வேண்டிய நீளத்துக்குத் தானே வந்து அமர்ந்தது. அதற்குப் பிறகு இறுக்கினார்.

"முன்னே பார்த்தவங்க ஜாக்கி மேலயே நட்டை முறுக்கி முடிச்சிருப்பாங்க. ஷாஃப்டு டிஸ்க்கை எந்நேரமும் தள்ளிக்கிட்டே இருந்திருக்கு. பாவம், எத்தனை நாள்தான் தாங்கும்?"

பின் டிஸ்க்கையும் கையோடு மாற்றினார். கியர் பாக்ஸ் ஆயில் சீல் கசிகிறதா (ஆயில் பட்டால் ரப்பர் ஊறிவிடும்), கியர் பாக்ஸ் மவுண்ட்டிங் தொய்ந்திருக்கிறதா, நடு பேரிங் ஆடுகிறதா என்றும் பார்த்தார். அதுகள் சரியில்லை என்றால் எத்தனை புது டிஸ்க் போட்டாலும் வீண்.

"இப்படியே ஓட்டியிருந்தா?" என்று மெதுவாகக் கேட்டார் நண்பர்.

"வேகத்துல போறப்ப டிஸ்க்கு பிஞ்சா ஷாஃப்டு சும்மா இருக்காது. சுத்திச் சுத்தி அடிக்கும். தரைத்தகடு கிழியும், கியர் பாக்ஸ் உடையும். வண்டி யார் கைக்கும் அடங்காது. குழந்தை குட்டியோட போறீங்க..."

நண்பர் முகத்தில் ஈயாடவில்லை. அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமைதான் குடும்பத்தோடு வேளாங்கண்ணி போய் வந்திருந்தார்.

பழைய பென்ஸோ, பி.எம்.டபிள்யூவோ வாங்க ஆசைப்படும் நண்பர்களே... பெயிண்ட் பளபளப்பையும் பாட்டுப் பெட்டியையும் அப்புறம் பாருங்கள். முதலில் காரைப் பள்ளத்தின் மேல் நிறுத்தச் சொல்லி, டார்ச்சோடு அடியில் இறங்குங்கள். போல்ட்டைச் சுற்றி ரப்பரில் வெடிப்பு தெரிந்தாலோ, நூல் வெளியே எட்டிப் பார்த்தாலோ, டிஸ்க் அப்பளமாக வளைந்திருந்தாலோ, அதை மாற்றாமல் நெடுஞ்சாலைப் பக்கம் போகாதீர்கள்.

வேலை முடிந்து மூன்று பேரும் தஞ்சாவூர் ரோட்டில் ஒரு ரவுண்டு போனோம். 'டொக்' இல்லை, நடுக்கம் இல்லை. பில்? வெளியூரில் கொடுத்ததில் பாதிகூட இல்லை. நண்பர் சந்தோஷத்தில் பெரியவருக்கு டிபன் வாங்கித் தந்தார்.

எனக்கு டீ மட்டும்தான். டூப்ளிகேட் சாமான் என்று சொன்னேன் இல்லையா... அதற்கு அபராதமாம்!